பெரியகுளத்தைச் சுற்றி ஒரு நடை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

பறவைகளைக் காண வேண்டுமானால் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கோவை மாநகரின் நடுவிலேயே, உக்கடம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் காதில் விழும் தொலைவில், ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்புள்ள நீர்நிலை ஒன்று இருக்கிறது. உக்கடம் பெரியகுளம் என்பது அதன் பெயர். நாள்தோறும் பேருந்தில் அதைக் கடந்து வருகிறோம். தலையைத் திருப்பிப் பார்ப்பவர் சிலரே. அக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது எதனை, எங்கே, எவ்வாறு பார்ப்பது என்பதையும், பறவைகளைக் கொண்டே குளத்தின் நிலையை அறிவது எப்படி என்பதையும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறவைகளின் அலகும் காலும் பெற்றுள்ள தகவமைப்புகள் விலங்கியல் தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் வினா. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணை வாங்கிவிடுகிறோம். ஆனால் கண்ணாடி அலமாரியில் பாடம் செய்து வைத்த பறவையின் கால் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு அலமாரி விடை சொல்லாது. அப்பறவை நின்ற நீர்தான் விடை சொல்லும். நான் விடுதியில் தங்கிப் படிப்பவள். சென்ற ஐப்பசி முதல் ஞாயிறுதோறும் காலையில் இக்குளக்கரையில் நடந்து வருகிறேன். அந்த நடைகளில் கற்றதை ஒரே வரியில் சொல்வதானால், நீரின் ஆழமே பறவையைத் தேர்ந்தெடுக்கிறது. கீழே வருவன எல்லாம் இதன் விரிவே.

குளத்தின் அமைப்பு

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் வற்றும் ஆறு அது. அந்த மழைநீரைத் தேக்குவதற்காக நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே ஆங்காங்கே அணைக்கட்டுகளை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, குளங்களில் நிரப்பினர். ஒரு குளம் நிறைந்தால் அதன் உபரி நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். பெரியகுளத்தின் உபரி நீர் வாலாங்குளத்துக்குச் செல்வதும் இந்த ஏற்பாட்டின்படியே.

நம் பகுதியில் நிலம் மேற்கே உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் இருக்கிறது. ஒரு தாம்பாளத்தைச் சற்றே சாய்த்து வைத்து அதில் நீர் ஊற்றினால் என்ன ஆகும்? தாழ்ந்த விளிம்பில் நீர் ஆழமாகவும், உயர்ந்த பக்கத்தில் விரலளவாகவும் நிற்கும். பாசனக் குளமும் அவ்வாறே. கரையும் மதகும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். அங்கே நீர் ஆழம். நீர் வந்து சேரும் பக்கத்தில் ஆழம் குறைந்து, கடைசியில் வெறும் சேறாக முடியும். ஆகவே குளத்தைச் சுற்றி நடப்பது என்பது, ஆழத்திலிருந்து சேற்றுக்குப் படிப்படியாக ஏறிச் செல்வதே ஆகும். ஒவ்வொரு படியிலும் வேறு வேறு பறவைகள் நம்மை எதிர்கொள்ளும்.

காலையில் நடையைக் கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. சூரியன் நம் முதுகுப்புறம் இருப்பதால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மேற்கிலிருந்து பார்த்தால் எல்லாப் பறவைகளும் கறுப்பு நிழல்களாகவே தோன்றும். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை உகந்த நேரம்.

முதற்படி: ஆழ நீர்

கரையோரம் நின்று நடுக்குளத்தைப் பாருங்கள். கறுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, கோழிபோல் தலையை ஆட்டி ஆட்டி நீந்துவது நாமக்கோழி. நெற்றி வெண்மையை நாமமாகக் கண்ட நம் மக்கள் இட்ட பெயர் அது. வாத்துக்குப் போல் விரல்களை இணைக்கும் சவ்வு இதற்கு இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல்கள் உண்டு. காலைப் பின்னுக்குத் தள்ளும்போது மடல்கள் விரிந்து துடுப்பாகின்றன. முன்னுக்கு இழுக்கும்போது மடிந்துகொள்கின்றன. நீர்ச்செடிகளே இதன் முதன்மை உணவு. பறந்து எழ வேண்டுமானால் நீரின்மேல் சிறிது தூரம் ஓடியே எழும்.

அதனருகே உருண்டையாக, கைக்குள் அடங்கும் அளவில் ஒன்று மிதக்கிறதா? எண்ணி முடிப்பதற்குள் அது காணாமற்போய், வேறோர் இடத்தில் தலைகாட்டும். அதுவே முக்குளிப்பான். இதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்துள்ளன. நீருக்குள் உந்திச் செல்ல அது வசதி; தரையில் நடக்கவோ பெருந்தொல்லை. எனவே கூட்டையும் நீரின்மேல் மிதக்கும் செடிகளாலேயே அமைக்கிறது. கூட்டை விட்டு அகலும்போது முட்டைகளைச் செடிகளால் மூடிவிட்டுப் போகும். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும்.

நீர்க்காகம் மீனைத் துரத்திப் பிடிப்பது. அதன் வெளியிறகுகள் நீரில் நனைபவை. நனைவதால் மிதப்புத் தன்மை குறைந்து எளிதில் மூழ்க முடிகிறது. அதற்கு ஈடாக, கரையேறியதும் இறக்கைகளை விரித்து வெயிலில் உலர்த்த வேண்டியிருக்கிறது. அதன் உறவான பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பார்ப்பவருக்குப் பாம்பு தலைதூக்கியது போலவே தோன்றும். கழுத்து முள்ளெலும்புகளின் சிறப்பமைப்பால் தலையைச் சட்டென்று முன்னே செலுத்தி மீனை ஈட்டிபோல் குத்துகிறது.

கூழைக்கடாவைப் பற்றிச் சொல்லாமல் பெரியகுளத்தை முடிக்க இயலாது. நடைப்பயிற்சிக்கு வருவோர் நின்று பார்க்கும் பறவை இது ஒன்றே எனலாம். அலகின் கீழுள்ள பை மீனைச் சேமித்து வைக்கும் பை என்று பலர் எண்ணுகின்றனர். அது வலை போன்றது. நீரோடு மீனை அள்ளி, அலகைத் தாழ்த்தி நீரை வடித்துவிட்டு, பிறகே விழுங்கும். நம் குளங்களில் பெருகியிருக்கும் ஜிலேபிக் கெண்டை, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன். அம்மீனை உண்டு வாழும் பறவைகளில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் உண்டு.

இரண்டாம் படி: கழுத்தளவு நீர்

சற்றே மேற்கு நோக்கி நடந்தால் மூழ்காத வாத்துகளைக் காணலாம். புள்ளி மூக்கு வாத்து இங்கேயே வாழ்வது. அலகின் நுனியில் மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரியும். தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி அது மேய்வதைக் கண்டு சிறுவர்கள் சிரிப்பார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் கழுத்து எட்டும் ஆழம் எவ்வளவோ, அவ்வளவு ஆழத்தில் இருக்கும் உணவுதான் அதற்குக் கிட்டும். அதற்குக் கீழே எவ்வளவு உணவு கிடந்தாலும் அது வாத்துக்கு இல்லாத உணவே.

கார்த்திகை, மார்கழியில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகிய விருந்தினர் வந்தால் இந்தப் பகுதியில்தான் இறங்கும். தட்டைவாயனின் அகன்ற அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் உண்டு. நீரை உள்வாங்கி வெளியேற்றும்போது நுண்ணுயிர்கள் அவற்றில் தங்கிவிடும். நம் வீட்டில் மாவு சலிப்பதைப் போன்றதே இது.

மூன்றாம் படி: முழங்கால் நீர்

இங்கேதான் நெடுங்கால் பறவைகள் நிற்கின்றன. ஒரு செய்தியை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாரையின் கால் நடுவே பின்னோக்கி மடியும் மூட்டை முழங்கால் என்று நாம் சொல்கிறோம். உடற்கூற்றின்படி அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. அதாவது நாரை எந்நேரமும் விரல்களின்மீதே நிற்கிறது.

சாம்பல் நாரை சிலைபோல் நின்று கண்ணால் பார்த்து மீனைக் குத்தும். மஞ்சள் மூக்கு நாரையோ கண்ணை நம்புவதில்லை. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு, இப்புறமும் அப்புறமும் அசைத்துக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்ட அக்கணமே அலகு மூடிக்கொள்ளும். எனவே கலங்கிய நீரிலும் அதனால் இரை தேட முடிகிறது. நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாள அது உதவுகிறது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருப்பதில்லை. வளர வளரவே தோன்றுகிறது.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றே என்று எண்ண வேண்டாம். நான்கு வகைகளைக் கீழ்க்கண்டவாறு பிரித்தறியலாம்.

1. சின்னக் கொக்கு: கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள்.
2. நடுத்தரக் கொக்கு: இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் மஞ்சள் அலகு, காலும் பாதமும் கறுப்பு.
3. பெரிய கொக்கு: மிக நீண்டு நடுவில் முறிந்தாற்போன்ற கழுத்து, வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே செல்லும்.
4. உண்ணிக்கொக்கு: குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறும்.

குளத்துக் கொக்கை நம் மக்கள் மடையான் என்பர். உட்கார்ந்திருக்கையில் மண்ணிறம், பறக்கையில் வெள்ளை. மறைந்திருந்த வெண்ணிறச் சிறகு விரியும்போது, எங்கிருந்தோ புதுப் பறவை ஒன்று முளைத்தது போலிருக்கும்.

என் தந்தையார் உடுமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுபவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பொங்கல் விடுமுறை முடிந்து என்னை விடுதியில் விட வந்தபோது குளக்கரைக்கு அழைத்துச் சென்றேன். என் குறிப்பேட்டில் ஆழத்தையும் பறவையையும் கட்டம் போட்டு எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இதையா கண்ணு காலேசுல சொல்லித் தராங்க? வயலுக்கு மடை திறந்துவிட்டா பூச்சியெல்லாம் மேல வரும், கொக்கு வந்து வரிசையா நிக்கும். தண்ணி முழங்காலுக்கு ஏறிப்போச்சுன்னா ஒரு கொக்கும் நிக்காது.”

அவர் சொன்னது சூழலியல் பாடமே. புத்தகத்தில் அது வேறு சொற்களில் இருக்கிறது. ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையிலேயே முட்டையிடும் என்பதும், உழும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதும் அவர் சொல்ல நான் சிறுவயதிலேயே கேட்டவை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் என்னைப் போன்றவர்கள், நம் வீட்டில் படிப்பறிவு இல்லை என்று எண்ணிக்கொண்டே வகுப்பில் உட்காருகிறோம். பறவைகளைப் பொறுத்தவரை அது சரியன்று. பேராசிரியர் க. ரத்னம் போன்றோர் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் தொகுத்தபோது மக்கள் வழங்கும் பெயர்களுக்கும் இடம் தந்தனர். நாமக்கோழி, மடையான், ஆள்காட்டி, பாம்புத்தாரா என்னும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நின்று பார்த்ததன் பயன் என்பது விளங்கும்.

நான்காம் படி: சேறும் செடியும்

நீர் முடிந்து சேறு தொடங்கும் ஓரம் வெறுமையாகத் தோன்றும். பலர் இங்கு நிற்பதில்லை. ஆனால் வகைகளை எண்ணினால் வளமான இடம் இதுவே. நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த நீண்ட கால்களால் மெல்ல நடந்து, நீர்ப்பரப்பிலும் சேற்றிலும் பூச்சிகளைக் கொத்தும். பொறி உள்ளான் சற்றே ஆழங்குறைந்த ஈரத்தில் மேயும். வாலும் உடலின் பின்பகுதியும் ஓயாது ஆடிக்கொண்டிருந்தால் அது சாதாரண உள்ளான். பட்டாணி உப்புக்கொத்தி சிறிது ஓடி, சட்டென நின்று, ஒன்றைக் கொத்தி, மீண்டும் ஓடும். ஒவ்வொன்றின் அலகும் காலும் வெவ்வேறு நீளம். ஆகவே ஒரே சேற்றில் ஒன்றன் உணவை மற்றொன்று பறித்துக்கொள்ளாமல் பல வகைகள் அருகருகே மேய முடிகிறது.

கோரையும் சம்பும் அடர்ந்த இடத்தில் நீலத் தாழைக்கோழியைக் காணலாம். தண்டை ஒரு காலால் பற்றித் தூக்கிக் கடித்துத் தின்னும் அதன் பழக்கம் பார்க்கத்தக்கது. மிதக்கும் இலைகளின்மேல் நடப்பது இலைக்கோழி. மிக நீண்ட விரல்கள் அதன் எடையைப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. ஓரளவு இருந்தால் இப்பறவைகளுக்கு மேடையாகும். குளம் முழுவதும் மூடிவிட்டாலோ ஒளி உள்ளே புகாது. நீரில் உயிர்வளி குறையும். முக்குளிப்பானுக்கும் கூழைக்கடாவுக்கும் இறங்க இடம் இராது. சாக்கடை கலந்து நீரில் சத்துப்பொருள் மிகுவதே இச்செடி இவ்வாறு கொழுப்பதற்குப் பெரும் காரணம்.

கரை மரங்களையும் மறக்கக் கூடாது. வெண்தொண்டை மீன்கொத்தி பெயருக்குத்தான் மீன்கொத்தி. பூச்சி, ஓணான் என எதையும் பிடிக்கும், குளத்துக்கு அப்பாலும் வாழும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தியோ நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, நேரே பாய்ந்து மீனெடுக்கும்.

வலசை வரும் விருந்தினர்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் குளங்கள் நிரம்பும் காலத்தை ஒட்டியே வடக்கிலிருந்து பறவைகள் வருகின்றன. ஆசியாவின் வடபகுதிகளில் குளிர் மிகுந்து நீர் உறையும்போது அவற்றுக்கு இரை கிடைப்பதில்லை. எனவே மத்திய ஆசிய வலசைப் பாதை வழியே இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து, பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. வரும்போது ஆண் வாத்துகள் பெண் வாத்துகளைப் போலவே மங்கிய நிறத்தில் இருக்கும். குளிர்காலம் கழியக் கழியப் புது இறகு முளைத்து நிறம் பெறும். ஆகவே ஐப்பசியில் பார்த்த நீலச்சிறகியும் மாசியில் பார்க்கும் நீலச்சிறகியும் வெவ்வேறு பறவைகளோ என ஐயுறத் தோன்றும்.

நம் முன்னோர் இப்போக்குவரவை அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூதாக விடுத்த பாடலில், அது தெற்கே குமரிக்கு வந்து மீண்டும் வடக்கே திரும்புவதைச் சொல்லியிருக்கிறார். வறுமையால் வாடிய அந்தப் புலவர், நாரையின் அலகின் வடிவத்தையும் நிறத்தையும் கூட நன்கு கவனித்திருக்கிறார்.

குறிப்பேடு எழுதும் முறை

பறவை பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. பைனாக்குலர் கிடைத்தால் 8 × 40 என்று எழுதியிருப்பது போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் 5 மில்லிமீட்டர், நம் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். இது பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். துறையில் உள்ளதை நாங்கள் நால்வர் முறைவைத்துப் பார்க்கிறோம்.

குறிப்பேடு கட்டாயம் வேண்டும். அதில் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, நடந்த பாதை ஆகியவற்றை முதலில் எழுதுக. பிறகு பறவையின் பெயர், எண்ணிக்கை, நின்ற நீரின் ஆழம், செய்துகொண்டிருந்த செயல். கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, அதைப் போல் எத்தனை பத்து என்று கணக்கிடலாம். பெயர் தெரியாத பறவையின் பெயரை ஊகித்து எழுதுவதைவிட, அலகு, கால், வால் ஆகியவற்றைப் பற்றி இரண்டு வரி எழுதுவது மேல்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடப்பது. ஒரு நாள் நடை ஒரு படம். ஓராண்டு நடைகளே வரலாறு. சென்ற வாரம் இருந்து இந்த வாரம் இல்லாத பறவையும் ஒரு செய்திதான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி தோறும் நடைபெற்று வருகிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கின்றனர். இ-பேர்ட் என்னும் செயலியில் நம் கைப்பேசியிலிருந்தே பட்டியலைப் பதிவு செய்யலாம். உலகின் ஆய்வாளர் எவரும் அதனைப் பயன்படுத்துவர். நகரத்துக் குளத்தில் ஒரு மாணவி எழுதிய பட்டியலுக்கும் அங்கே இடம் உண்டு.

பூங்காவும் குளமும்

2016 ஜனவரியில் வெளியான சீர்மிகு நகரங்களின் முதற்பட்டியலில் கோவை இடம்பெற்றது. அத்திட்டத்தின்கீழ் பெரியகுளம், வாலாங்குளம் முதலிய குளங்களின் கரைகளில் நடைபாதையும் இருக்கைகளும் விளக்குகளும் அமைந்தன. இதனால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதியோர் நடக்கின்றனர், குடும்பங்கள் வருகின்றன, என்னைப் போன்ற மாணவியர் அச்சமின்றிக் காலையில் குறிப்பேட்டோடு நிற்க முடிகிறது. மக்கள் கண்முன் இருக்கும் குளத்தைக் காப்பதும் எளிது.

ஆயினும் நான்கு படிகளையும் நினைவில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரு குளத்தின் ஓரம் முழுவதையும் தூர்வாரி ஆழமாக்கி, சுற்றிலும் கல் பதித்துவிட்டால், தாம்பாளம் அண்டாவாகிவிடுகிறது. அண்டாவில் ஆழ நீர் ஒன்றே உண்டு. அங்கே நீர்க்காகமும் கூழைக்கடாவும் இருக்கும். பார்ப்பவர் ‘பறவைகள் நிறைய இருக்கின்றனவே’ என்று மகிழ்வர். உள்ளானும், உப்புக்கொத்தியும், கழுத்தளவு நீரில் மேயும் வாத்தும் சொல்லாமல் போய்விடும். பறவைகளின் எண்ணிக்கை குறையாமலே வகைகள் குறையக்கூடும். பட்டியல் எழுதுபவருக்குத்தான் இது புலப்படும். குறிப்பேட்டின் தேவை இதுவே.

‘நிறைந்த குளமே நல்ல குளம்’ என்று நாம் கருதுகிறோம். நிலத்தடி நீருக்கு அது மெய்யே. ஆனால் கோடையில் நீர் மெல்ல இறங்கி, ஓரத்துச் சேறு வெளிப்படுவதும் குளத்தின் இயல்பே. அச்சேறு அழுக்கன்று, பல பறவைகளின் உணவுக்கூடம். எனவே பூங்கா ஆழக் கரையில் இருக்கட்டும்; நீர் வந்து சேரும் பக்கத்துத் தாழ்நீரும் சேறும் கோரையும் அப்படியே விடப்படட்டும்; அப்பக்கம் இரவில் விளக்கு வேண்டாம். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் அளவுக்குக் குளம் பெரியதுதான்.

இது நடவாத காரியமன்று. இதே நொய்யல் படுகையில், திருப்பூர் நகரின் விளிம்பில் இருக்கிறது நஞ்சராயன் குளம். ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புள்ள அது, 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின் வழியே உலகம் அறியும் பெயராகிவிட்டது, பனியன் நகரத்துக் குளம் ஒன்று. பறவைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதுவோர் இல்லாமல் எந்தக் குளத்தின் சிறப்பையும் மெய்ப்பிக்க முடியாது.

வேலை கிடைக்குமா?

விடுமுறையில் ஊருக்குப் போனால் அத்தைமார் கேட்பது இதுவே: “குருவி பாக்கறதுக்கு வேலை தருவாங்களா கண்ணு?” முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டில் இந்தக் கேள்விக்கு முகஞ்சுளிக்க இயலாது, கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. வனத்துறைத் தேர்வுகள் இருக்கின்றன. நம் ஊருக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. ஆய்வுப் படிப்புக்கு வழியுண்டு. ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க முடியாது. கண்டதை மட்டும் எழுதுவது, தெரியாததை ஊகித்து நிரப்பாமல் இருப்பது, ஒரே வேலையைச் சலிப்பின்றி ஐம்பது ஞாயிறு செய்வது ஆகிய மூன்றும் எந்த வேலைக்கும் பயன்படும். ஆய்வகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும்; குளத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டியதில்லை.

நண்பர்களே, நம் கல்லூரியிலிருந்து பெரியகுளம் நடந்து செல்லும் தூரமே. துறை வேறுபாடு பாராமல் யாரும் வரலாம். வரலாறு படிப்போர் குளங்களின் வரலாற்றையும், வேதியியல் படிப்போர் நீரின் தன்மையையும், தமிழ் படிப்போர் பறவைப் பெயர்களையும் ஆராயலாம். நம் கல்லூரிக்கென்று ஒரு குறிப்பேடு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் மூத்தோர் இளையோரிடம் ஒப்படைத்துச் சென்றால், பத்தாண்டில் இந்நகரத்தில் எவரிடமும் இல்லாத ஓர் ஆவணம் நம்மிடம் இருக்கும். மேற்குக் கரையைத் தூர்க்கவோ ஆழப்படுத்தவோ யாரேனும் முற்படும் நாளில், ‘இங்கே இன்னின்ன பறவைகள் இருந்தன’ என்று நாள் குறித்து எடுத்துக்காட்ட அது உதவும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உக்கடம் பக்கத்துக் கரையில் கூடுவோம். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வருக.